சங்கக்கடைக் கணக்கு

நான் கூட்டுறவுச் சங்கக்கடைக்காரன். 1978 இல் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை அண்டிய ஒரு கிளையில் விற்பனை உதவியாளனாகச் சேர்ந்து, கிளை முகாமையாளராக ஓய்வு பெற்றவன். இன்று காங்கேசன்துறை வீதியால் போகும்போது குளிரூட்டிய சுப்பர்மார்க்கெட்டுகளைக் காண்கிறேன். வாடிக்கையாளருக்கும் ஊழியருக்கும் ஊர்மக்களுக்கும் தாங்கள் கடமைப்பட்டவர்கள் என்று அவற்றை நடத்தும் கம்பனிகள் ஆண்டறிக்கையில் எழுதுகின்றன. எழுதட்டும். எழுதி வைத்தால்தான் பிறகு கேட்கலாம். ஆனால் தட்டு நிறையச் சாமான் இருக்கும் நாளில் எந்தக் கடையும் நல்ல கடைதான். ஒரு மூடை சீனியும் முந்நூறு குடும்ப அட்டையும் எதிரே இருக்கும் நாளில்தான் கடையின் குணம் தெரியும். அப்படியான நாட்கள் எங்கள் காலத்தில் நிறைய வந்தன.

ஒரே களஞ்சியம், ஒரே விலை, ஊருக்கு ஒரு கிளை என்ற ஏற்பாடு சுப்பர்மார்க்கெட்டோடு யாழ்ப்பாணத்துக்கு வந்ததென்று இளையவர்கள் நினைக்கிறார்கள். அது எங்கள் தகப்பன்மார் காலத்திலேயே இருந்தது. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911 இல் வந்தது. 1942 இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. அரிசியைக் கூப்பனுக்குப் பங்கிட வேண்டிய நிலை வந்தபோது ஊர்தோறும் கூட்டுறவுக் கடைகள் முளைத்தன. வடக்கில் அதற்கு முன்பே நிலம் பண்பட்டிருந்தது. 1930களில் புகையிலைத் தோட்டக்காரர் மலையாளத்துக்கு அனுப்பும் புகையிலையை விற்கத் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்திருந்தார்கள். மூளாயில் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையே நடந்தது. யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபத்தை இன்று கூட்டம் நடக்கும் இடமாகத்தான் பலருக்குத் தெரியும். வடபகுதிக் கூட்டுறவுக்கு உழைத்த வீ. வீரசிங்கத்தின் பெயர்தான் அந்த மண்டபத்துக்கு.

1957 இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1970களின் தொடக்கத்தில் ஊர்ச் சங்கங்களை ஒன்றாக்கிப் பெரிய சங்கங்கள் ஆக்கினார்கள். அதில் லாபமும் இருந்தது, நட்டமும் இருந்தது. முதல் பெருகியது, லொறி வந்தது, களஞ்சியம் வந்தது. ஆனால் ‘இது எங்கட கடை’ என்று ஊரவர் சொன்ன உரிமை கொஞ்சம் தளர்ந்தது. கட்சி அரசியலும் உள்ளே வந்து இருந்துகொண்டது.

நான் சேர்ந்த வேளையில் கூப்பன் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1979 இல் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முதல் வருடம் எனக்கு முகாமையாளர் கற்றுத் தந்தது மூடை அவிழ்ப்பது. சிரிக்க வேண்டாம், அது ஒரு வித்தை. லொறி போவதற்கு முன்னமே ஒவ்வொரு மூடையையும் நிறுக்க வேண்டும். லொறி போன பிறகு கண்ட குறைவுக்குக் களஞ்சியம் பொறுப்பேற்காது. சாக்கின் தையலைச் சரியான நுனியில் பிடித்து இழுத்தால் நூல் முழுதாகக் கழன்று வரும், சாக்கும் கிழியாது. வெறும் சாக்குக்கும் கணக்கு உண்டு. சீனி மாரியில் ஈரம் குடிக்கும், கோடையில் காய்ந்து நிறை குறையும். மாவில் பறப்பது உண்டு. மண்ணெண்ணெய் வெயிலில் ஆவியாகும். மைசூர்ப் பருப்பு மூடையின் அடியில் தூள் நிற்கும். இவற்றுக்கென்று நூற்றுக்கு இவ்வளவு என்று அனுமதித்த குறைவு ஒன்று இருந்தது. அதற்கு மேலே போனால் இருப்பெடுப்பு நாளில் முகாமையாளரின் பெயரில் எழுதுவார்கள். மாதம் மாதம் சம்பளத்தில் வெட்டுப்படும்.

இந்த ஏற்பாட்டில்தான் கடைத்தொழிலின் மிகப் பெரிய ஆபத்து இருக்கிறது. நான் சொல்ல வந்த விஷயமும் இதுதான். அனுமதித்த குறைவு நியாயமாக இருந்தால் ஊழியர் நேராக நிறுப்பார். அது நியாயமில்லாமல் இறுகினால், சம்பளமும் வீட்டுக்குப் போதாமல் இருந்தால், தன் பிள்ளையின் சாப்பாட்டைக் காப்பாற்ற அவர் எங்கே கை வைப்பார்? தராசில் வைப்பார். ஒரு கிலோவுக்குப் பத்துக் கிராம். வாங்கும் ஆச்சிக்குத் தெரியாது. சங்கத்தின் கணக்கு அந்த மாதம் அழகாக இருக்கும். ஊழியரின் சம்பளத்தில் மேலிடம் மிச்சம் பிடித்த காசு, ஏழை வீட்டுச் சீனிச் சரையிலிருந்து வந்ததென்று எந்தக் கணக்காய்வாளரும் எழுத மாட்டார். வாடிக்கையாளருக்கான கடமை, ஊழியருக்கான கடமை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்ற எனக்கு அவை இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள்.

எங்கள் பகுதியில் நல்ல முகாமையாளர்கள் இருந்தார்கள். எனக்குத் தொழில் பழக்கியவர் தராசுத் தட்டை வாங்குபவரின் கண்ணுக்கு நேரே வைப்பார். முள் நடுவுக்கு வந்து நின்ற பிறகு ஒரு விரல்நுனிச் சீனி கூடப் போடுவார். கடதாசிச் சரையைச் சாமானோடு சேர்த்து நிறுக்க விடமாட்டார். “சரை நாங்கள் குடுக்கிறது, அதை ஏன் அவையளுக்கு விக்கிறாய்?” என்பார். படிக்கற்களை வருடாவருடம் முத்திரை குத்தக் கொண்டுபோகும் வேலையை யாரிடமும் கொடுக்க மாட்டார், தானே போவார்.

1977 இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு, எங்கள் களஞ்சியத்துக்கு வெளிநாட்டுச் செத்தல் மிளகாயும் பெரிய வெங்காயமும் மலிவாக வந்தன. வாங்குகிற சனத்துக்கு நல்லது. ஆனால் அந்தச் சனத்தில் பாதிப்பேர் ஏழாலையிலும் குப்பிழானிலும் புன்னாலைக்கட்டுவனிலும் செம்மண் கொத்தி மிளகாயும் வெங்காயமும் வைத்தவர்கள். அதற்கு முந்திய ஏழு வருடமும் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் தோட்டக்காரர் தலை நிமிர்ந்தார்கள். வீடு கட்டினார்கள், தண்ணீர் இறைக்கும் மெசின் வாங்கினார்கள். இப்போது அதே உறுப்பினர் கடைக்கு வந்து, தன் மிளகாயின் விலையை விழுத்திய மிளகாயை நிறுத்து வாங்கிக்கொண்டு போனார். சங்கம் அவருடைய மிளகாயை வாங்கியிருக்க வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். தன்னிடம் வாங்குபவன் என்ன விளைவிக்கிறான் என்று பார்க்காத கடை, ஊருக்குள் இருந்தும் ஊருக்கு வெளியே இருப்பதுதான்.

1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியது. காங்கேசன்துறை, மயிலிட்டி, தெல்லிப்பழைப் பக்கத்துச் சனம் கையில் அகப்பட்டதோடு தெற்கே வந்தது. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் கோயில் மடம், பள்ளிக்கூடம், உறவினர் வளவு எல்லாம் நிரம்பின. முகாம்கள் எழுந்தன. சுன்னாகத்துச் சபாபதிப்பிள்ளை முகாம் போன்றவை போர் முடிந்து வருடக்கணக்காகியும் இருந்தன. அதே காலத்தில் பொருளாதாரத் தடையும் வந்தது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றறி, உரம் என்று தடைப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். பனம்பழத்தைப் பிழிந்து உடுப்புத் தோய்த்தார்கள். தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அரசாங்கம் கப்பலில் அனுப்பிய அரிசியும் மாவும் சீனியும் பருப்பும் கச்சேரி ஊடாகப் பலநோக்குச் சங்கங்களுக்கு வந்தன. சங்கக்கடைதான் நிவாரணம் கொடுக்கும் இடமானது.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் அட்டைகள் எங்கள் கிளைக்கு மாற நாள் எடுத்தது. விதானையாரின் கையெழுத்து, உதவி அரசாங்க அதிபர் பணிமனையின் ஒப்புதல், சங்கத்தின் பதிவு என்று ஒன்றன்பின் ஒன்று. வயிறு அதுவரை காத்திராது. ஒரு தாய் வந்து, “தம்பி, எங்கட அட்டை இன்னும் மாறேல்லை. பிள்ளையளுக்கு மா மட்டும் தாருங்கோ” என்று நின்றார். எங்கள் கையிலிருந்தது பதிந்த அட்டைகளுக்கு மட்டும் கணக்காக வந்த மா. கொடுத்தால் உள்ளூர் உறுப்பினருக்குக் குறையும். கிளைக்குழு அன்று பின்னேரமே கூடியது. ஊரவர் சண்டை பிடிப்பார்கள் என்று பயந்தோம். கூட்டத்துக்கு வந்த தோட்டக்காரர் ஒருவர் எழும்பி, தன் அட்டையின் மாவில் பாதியை அந்தக் கிழமை விட்டுத் தருவதாகச் சொன்னார். பிறகு பலர் சொன்னார்கள். விட்டுக் கொடுத்தவர்களின் பெயரையும் அளவையும் கொப்பியில் எழுதி, பெற்றவர்களிடம் கையெழுத்து வாங்கினோம். அந்தக் கொப்பியைக் கடை வாசலில் எல்லோரும் பார்க்கத் தொங்கவிட்டோம். அதுதான் முக்கியம். இல்லாத காலத்தில் சனம் குறைவைப் பொறுக்கும், ஒளிப்பைப் பொறுக்காது.

அந்தத் தொங்கும் கொப்பி பிறகு எங்கள் கிளையில் வழக்கமானது. ஐம்பது கிலோச் சீனி மூடை ஒன்று, அட்டை முந்நூறு என்றால், அட்டைக்கு 160 கிராம் என்று எழுதுவோம். நூறு, ஐம்பது, பத்து என்று மூன்று படிக்கல். மொத்தம் 48 கிலோ. மிச்ச இரண்டு கிலோ சாக்கில் ஒட்டுவது, நிறுவையில் போவது. அதிலும் தப்பியதை முகாமில் கர்ப்பிணிகளுக்கென்று வைத்தோம். இந்தக் கணக்கை ஒரு பிள்ளைகூட வாசலில் நின்று கூட்டிப் பார்க்கலாம். பார்த்தார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பெருக்கிப் பார்த்துவிட்டு “சரி ஐயா” என்று சொன்னபோது, கணக்காய்வாளரின் கையெழுத்தை விடப் பெரிதாக எனக்குப் பட்டது.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கியதால், வலிகாமம் முழுதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழை. நாங்கள் கடையிலிருந்து எடுத்துப்போனது அட்டைப் பதிவேடு. அரிசி மூடையை யாராவது எடுக்கட்டும் என்று விட்டோம். பதிவேட்டைப் பொலித்தீனில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினேன். கொடிகாமத்திலும் சாவகச்சேரியிலும் பிறகு நிவாரணம் கொடுக்கும்போது யார் எந்தக் குடும்பம், எத்தனை பேர் என்று உறுதிப்படுத்த அந்தப் பதிவேடு உதவியது. ஒரு கடைக்குத் தன் சனத்தின் பெயரைவிடப் பெறுமதியான சரக்கு இல்லை. 1996 இல் திரும்பி வந்தபோது கடையில் தட்டுகள் இல்லை, யன்னலும் இல்லை. பதிவேடு இருந்ததால் கடை இருந்தது.

2006 ஓகஸ்ட் 11 இல் குடாநாட்டுக்குச் சாமான் வரும் ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்டபோது சாமானுக்கு வரிசை மறுபடி வந்தது. ஊரடங்கு தளரும் நேரத்தில் சனம் ஓடி வரும். அப்போது தனியார் கடைகள் சிலவற்றில் சாமான் இருந்தும் இல்லை என்றார்கள். சில கடைக்காரர் தங்கள் கையிருப்பைப் பழைய விலைக்கே கொடுத்து முடித்துவிட்டுக் கடையைப் பூட்டினார்கள். அப்படிக் கொடுத்தவர்களைச் சுன்னாகத்துச் சனம் இன்றும் மறக்கவில்லை. சந்தைக்குப் போனால் அவர்கள் கடையில்தான் இறங்குகிறது.

போர் முடிந்து பாதை திறந்ததும் பெரிய வியாபாரம் வடக்கே வந்தது. யாழ்ப்பாணத்தில் கார்கில்ஸ் சதுக்கம் 2013 இல் திறக்கப்பட்டது. அந்தக் கம்பனி இலங்கையில் வியாபாரம் தொடங்கியது 1844 இல். இங்கிலாந்தில் றொச்டேல் என்ற ஊரில் 28 தொழிலாளர் தங்கள் சேமிப்பைப் போட்டு, மாவும் வெண்ணெயும் சீனியும் ஓட்சும் கலப்படமில்லாமல் நேர்நிறையில் விற்க ஒரு கூட்டுறவுக் கடை திறந்ததும் அதே 1844 இல்தான், டிசம்பர் 21 அன்று. சங்கக்கடைகளின் வேர் அந்தச் சின்னக் கடையில் இருக்கிறது. இரண்டு மரபும் ஒரே வயதுடையவை. கார்கில்ஸ் கம்பனி 1999 முதல் தோட்டக்காரரிடம் நேரே மரக்கறி வாங்கும் சேகரிப்பு நிலையங்களை நாட்டில் நடத்தி வருகிறது. இடைத்தரகர் இல்லாமல், தரம் பார்த்து, நிறுத்த உடனே காசு கொடுக்கும் முறை நல்ல முறை. கூட்டுறவுக்காரனாக இருந்தும் அதை மனதாரப் பாராட்டுகிறேன். நாங்கள் செய்யாமல் விட்ட வேலை அது.

ஏனென்றால் சுன்னாகச் சந்தையைச் சுற்றிப் பாருங்கள். வாழைக்குலைக்குப் பேர்போன சந்தை. கறுத்தக்கொழும்பான் காலத்தில் மாம்பழ வாசம் றெயில்வே ஸ்ரேசன் வரை வரும். விடியப்புறம் தோட்டக்காரர் கத்தரிக்காயும் பீற்றூட்டும் கொண்டு வந்து இறக்குவார். குடாநாட்டுச் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு என்று எடுத்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் காசு கொடுக்கும் வழக்கம் நீண்ட காலமாக உண்டு. அழுகலுக்கும் மண்ணுக்கும் என்று தொடங்கியதாம். இப்போது கழுவித் துடைத்துக் கொண்டுவந்த கரட்டுக்கும் அதே பத்து. நிறுத்தச் சொல்லி அதிகாரிகள் அறிவித்தும், விவசாயிகள் கூடிக் குரல் கொடுத்தும் இருக்கிறார்கள். ஆனாலும் வழக்கம் முழுதாகப் போகவில்லை. சங்கக்கடை ஊழியரின் சம்பளத்தில் வெட்டிய குறைவு ஆச்சியின் சரையில் போய் நின்றது என்று சொன்னேனே, இதுவும் அதுதான். வாங்குபவருக்கு மலிவு கொடுக்கிறோம் என்று சொல்லும் கடை, அந்த மலிவை யாருடைய பத்துக் கிலோவிலிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும்.

ஊழியர் விஷயத்தில் இன்றைய பெரிய கடைகள் எங்கள் ஊர்ச் சின்னக் கடைகளுக்குப் பாடம் சொல்லலாம். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இலிருந்து இருக்கிறது. ஊழியர் நூற்றுக்கு 8, முதலாளி நூற்றுக்கு 12 கட்ட வேண்டும். இதைக் கட்டாத கடைகள் எங்கள் பகுதியில் நிறைய இருந்தன, இப்போதும் இருக்கின்றன. வருடக்கணக்காக வேலை செய்த ஒரு பிள்ளை கலியாணம் கட்டி விலகும்போது கையில் ஒரு சதமும் இல்லாமல் போவதைக் கண்டிருக்கிறேன். அது களவு. வேறு பெயர் அதற்கு வேண்டாம். பெரிய கடையில் அந்தக் கணக்கு ஒழுங்காகப் போகும்போது எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் அங்கே போவதில் என்ன பிழை?

ஆனால் அந்தப் பிள்ளைகளின் கால்களையும் பாருங்கள். காசாளர் மேசையிலும் தட்டுகளுக்கிடையிலும் காலையிலிருந்து நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 இல் கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளத்தில் அதற்கு முன்பே, துணிக்கடைப் பெண்கள் போராடி அப்படியொரு உரிமையைப் பெற்றார்கள். எங்கள் சங்கக்கடையில் வரிசை இல்லாத நேரத்தில் இருக்க ஒரு வாங்கு இருந்தது. அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. களைத்த கையால் நிறுத்தால் முள் ஆடும் என்று முகாமையாளருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நான் ஓய்விலிருந்தேன். பெரிய கடைகள் தொலைபேசியில் ஓடர் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தன. நல்ல வேலை செய்தார்கள். ஆனால் ஓடர் கொடுக்கத் தெரியாத, கையில் காசில்லாத தினக்கூலி வீடுகளை அறிந்தவர்கள் ஊர்க்கடைக்காரரும் சங்கக் கிளை ஊழியரும்தான். 2022 இல் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசை நின்ற மாதங்களில், கிழமைக்கு இத்தனை லீற்றர், எந்த அட்டைக்கு எந்த நாள் என்று எழுதி ஒட்டிய இடங்களில் சண்டை குறைந்திருந்தது. எழுதி ஒட்டாத இடங்களில் விடிய விடிய நின்றவர்களுக்கு முன்னால் தெரிந்தவர்கள் கலன்களோடு பின்கதவால் போனார்கள். அந்த இரண்டையும் பார்த்த எவருக்கும் நான் சொல்ல வருவது விளங்கும்.

சங்கக்கடைகள் பல இன்று மெலிந்துவிட்டன. தட்டில் தூசி, பழைய பருப்பு, பின்னேரம் பூட்டிய கதவு. அதைப் பார்த்து இளையவர்கள் திரும்பிப் போவது நியாயம். ஆனாலும் சங்கக்கடைக்கு இருக்கும் ஒரு உரிமை பெரிய கடைக்கு இல்லை. சங்கத்தில் பங்கு வைத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. வெங்காயம் வைக்கிறவரும் மாதச் சம்பளக்காரரும் பொதுக்கூட்டத்தில் ஒரே வரிசையில் எழும்பிக் கேட்கலாம். அந்த உரிமையை நாங்கள் பாவிக்காமல் விட்டதால்தான் தூசி படிந்தது.

உங்கள் சங்கத்தின் பொதுக்கூட்ட அறிவித்தல் வந்தால் தயவுசெய்து போங்கள். ஊழியருக்குச் சேமலாப நிதி இந்த வருடம் முழுதும் கட்டினீர்களா, இருப்பெடுப்பில் வந்த குறைவை யார் தலையில் போட்டீர்கள், எங்கள் ஊர்த் தோட்டத்திலிருந்து எவ்வளவு வாங்கினீர்கள், கழிவு பிடித்தீர்களா என்று கேளுங்கள். சுப்பர்மார்க்கெட்டில் சாமான் வாங்கினால் அங்குள்ள முகாமையாளரிடமும் இதே கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை கேளுங்கள்.